தோண்டி எடுத்த பழைய ஊருக்குள்ள ஆளுங்களை எப்படி கூட்டிட்டுப் போறது? தோலாவிராவை வச்சு ஒரு முழு வழிகாட்டி

அகழாய்வு நடந்த எடத்துக்குப் போற எல்லாரும் ஒரே மாதிரிதான் பாக்குறாங்க. குழி ஓரமா நின்னு, கம்பியைப் பிடிச்சுக்கிட்டு, கீழ எட்டிப் பாக்குறது. அது தோண்டினவங்களோட பார்வை. அங்க வாழ்ந்தவன் ஒருநாள்கூட தன் வீட்டை அப்படி மேலேர்ந்து பாத்ததில்ல, அவனுக்கு சுவரோட முகம்தான் தெரியும், உச்சி தெரியாது.

கீழடி உறைகிணறு போட்டோ பாத்திருப்பீங்க. சுத்தியிருந்த மண்ணை எடுத்துட்டதால சுடுமண் உறை ஒண்ணு மேல ஒண்ணா கோபுரம் மாதிரி நிக்கும், "இது என்ன சார், தூணா, புகைபோக்கியா?"ன்னு கேக்காத க்ரூப்பை நான் பாத்ததில்ல. அந்தக் காலத்து ஆளுக்கு தெரிஞ்சது தரையில ஒரு வாய், உள்ள இருட்டு, அடியில தண்ணி, அவ்வளவுதான். தோண்டி வெளிய எடுக்கிற வேலையே அந்தக் காட்சியைத் தலைகீழாக்கிடுது, அதைத் திருப்பி நிமித்துறதுதான் நம்ம வேலை.

ஹெரிடேஜ் வாக் நடத்துறவங்க, ஸ்டூடண்ட்ஸைக் கூட்டிட்டுப் போற வாத்தியாருங்க, சைட்டுக்கு பாதையும் போர்டும் பிளான் பண்ற ஆர்க்கிடெக்ட் பசங்க எல்லாருக்கும்தான் இது. உதாரணத்துக்கு எடுத்துக்கிட்டது குஜராத் கட்ச்ல இருக்கிற ஹரப்பா காலத்து ஊர் தோலாவிரா. புதுசா வர்றவங்க முதல்லயே விஆர் கண்ணாடி, 3டி வீடியோ, பெரிய போர்டுன்னு ஆரம்பிச்சுடுறாங்க. அதெல்லாம் கடைசி. வரிசை மாறினா காசும் போகும், வேலையும் ஆகாது.

1. கிளம்புறதுக்கு முன்னாடி கையில இருக்க வேண்டியது

முதல்ல லெவல் போட்ட பிளான் வேணும். டூரிஸ்ட் மேப் இல்ல, அகழாய்வு அறிக்கையில வர்ற பிளான், அதுல எந்தச் சுவர் எந்த ஆழத்துல வந்ததுன்னு நம்பர் இருக்கும். அது இல்லாம மூணாவது ஸ்டெப்பைத் தொடவே முடியாது.

ரெண்டாவது அனுமதி. பாதுகாக்கப்பட்ட சின்னம்னா 1958 தொல்சின்னச் சட்டத்துக்குள்ள வருது, 2010 திருத்தத்துக்கு அப்புறம் சின்னத்தோட எல்லையிலேர்ந்து 100 மீட்டர் தடை, அதுக்கு மேல 200 மீட்டருக்குக் கட்டுப்பாடு. கட்டடம் கட்டத்தான இந்த ரூல், நமக்கென்னன்னு நினைக்காதீங்க, சைட்டுக்குள்ள ஒரு ஆணி அடிக்கிறதுகூட தப்புதான். அதனால நான் சொல்ற எல்லா வேலையும் தரையில எதையும் குத்தாம, நடாம, கையில பிடிச்சே செய்யுற மாதிரி இருக்கும். என்ன பண்ணப்போறோம்னு ஒரு பக்கத்துக்கு எழுதி முன்கூட்டியே குடுத்துடுங்க. சொல்லாம மூங்கிலைத் தூக்கிட்டுப் போய் கேட்லயே அரைநாள் நின்ன அனுபவம் எனக்கு இருக்கு.

சாமான்னு பாத்தா ரொம்ப இல்ல. கொத்தனார் வச்சிருக்கிற டியூப் லெவல் (தண்ணி ரொப்பின குழாய், ரெண்டு முனையிலயும் தண்ணி ஒரே மட்டத்துல நிக்கும்), 30 மீட்டர் டேப், சணல் கயிறு, பத்தடி மூங்கில் ஆறு, பழைய காட்டன் வேட்டி நாலு, ஒரு குடம், ஏ3 பேப்பர். குடிக்கத் தண்ணி எவ்வளவு எடுத்துட்டுப் போனாலும் பத்தாது.

அப்புறம் ஒரு முழு நாள். க்ரூப்போட போறதுக்கு முன்னாடி நீங்க தனியா காலைலேர்ந்து சாயங்காலம் வரைக்கும் அந்த சைட்ல உக்காந்திருக்கணும். வெயில் எந்தப் பக்கம் விழுது, காத்து எங்கேர்ந்து வருது, எந்தச் சுவர் எப்ப நிழல் குடுக்குது, இதெல்லாம் எந்த அறிக்கையிலயும் இருக்காது.

2. எந்தக் காலத்து ஊரைக் காட்டுறீங்கன்னு முடிவு பண்ணுங்க

தோலாவிரா ஒரு ஊர் இல்ல, ஒண்ணு மேல ஒண்ணா பல ஊர். கிட்டத்தட்ட கி.மு. 3000-லேர்ந்து 1500 வரைக்கும் ஆளுங்க இருந்திருக்காங்க, 1990-லேர்ந்து 2005 வரைக்கும் ஆர்.எஸ். பிஷ்ட் தலைமையில தோண்டினப்ப அதை ஏழு கட்டமா பிரிச்சாங்க. கடைசிக் கட்டத்துல வந்தவங்க பழைய நகரம் இடிஞ்சு கிடந்த எடத்துல வட்டமா குடிசை போட்டு இருந்தவங்க.

இப்ப நீங்க பிளானைப் பாக்காம கூட்டிட்டுப் போனீங்கன்னா, நகரம் நல்லா இருந்தப்ப கட்டின பெரிய மதிலையும், அது செத்து பல தலைமுறைக்கு அப்புறம் ஒருத்தன் போட்ட வட்டக் குடிசையையும் ஒரே மூச்சுல காட்டி, "இங்க ராஜா இருந்தாரு, அங்க வேலைக்காரங்க இருந்தாங்க"ன்னு சொல்லிடுவீங்க. சிரிக்காதீங்க, நானே ஒரு தடவை கிட்டத்தட்ட அப்படித்தான் சொன்னேன், கூட வந்த ஒரு ஸ்டூடண்ட் பொண்ணுதான் "அண்ணா, இது ரெண்டும் வேற வேற லேயர் இல்லையா?"ன்னு கேட்டு காப்பாத்துச்சு.

பிளானை ஜெராக்ஸ் எடுத்து, நீங்க காட்டப்போற கட்டத்து சுவரை மட்டும் ஸ்கெட்ச் பேனாவால கலர் பண்ணுங்க. மத்தது கண்ணுல பட்டாலும் வாயில வரக்கூடாது. யாராச்சும் கேட்டா மட்டும் சொல்லுங்க.

இன்னொண்ணு, பேரு. தோலாவிரால உயரமான பகுதிக்கு கேஸில் (கோட்டை), பெய்லி (அதை ஒட்டின மதில் சூழ்ந்த எடம்)னு பேரு வச்சது தோண்டினவங்க. கேஸில்னு காதுல விழுந்த உடனே ஆளுங்க மனசுல ராஜா, சிம்மாசனம், ராணி அந்தப்புரம் எல்லாம் வந்து உக்காந்துடும். அங்க யாரு இருந்தாங்கன்னு தெளிவா சொல்ல சிம்மாசனமும் கிடைக்கல, ராஜா பேரும் கிடைக்கல. நான் "மேலூர்"னு மட்டும் சொல்லுவேன், நடுவுல இருக்கிறது நடு ஊர், கடைசில கீழூர். பேரை மாத்தின உடனே க்ரூப் கேக்குற கேள்வியும் மாறிடுது.

3. தரை எங்க இருந்துச்சுன்னு கண்டுபிடிங்க

இதுதான் உயிர்நாடி. முக்காவாசிப் பேர் தாண்டிப் போற ஸ்டெப்பும் இதுதான்.

தோண்டின குழில ரெண்டு விதமா ஏமாறலாம். மேல நடைபாதைல நின்னா பழைய தரைக்கு ஆறடி மேல நிக்கிறீங்க. சரின்னு குழிக்குள்ள எறங்கினா அங்கயும் மாட்டிக்குவீங்க, ஏன்னா தோண்டினவங்க முந்தின கட்டத்தைப் பாக்குறதுக்காக பழைய தரையையும் வெட்டிட்டு இன்னும் கீழ போயிருப்பாங்க. அப்ப நீங்க சுவர்னு நினைச்சுப் பாக்குறது அஸ்திவாரம். மண்ணுக்குள்ள பொதைஞ்சிருந்த, யாரு கண்ணுக்கும் படாத முரட்டுக் கல்லைக் காட்டி "அந்தக் காலத்துல சுவர் இப்படிக் கரடுமுரடாதான் இருந்துச்சு"ன்னு சொல்லிட்டிருப்பீங்க.

எந்த சைட்டா இருந்தாலும் தரையைக் காட்டிக் குடுக்கிற சாட்சிங்க இதுங்கதான்: வாசல்படிக் கல், கதவோட குடுமி சுத்தித் தேஞ்ச குழி, சாக்கடை வெளிய வர்ற வாய், அடுப்பு கரிஞ்ச எடம், பூச்சு நிக்கிற கோடு. இதுல ரெண்டு ஒரே மட்டத்துல வந்தா அதுதான் தரை. ஒண்ணை மட்டும் நம்பாதீங்க, வாசல்படியை பின்னாடி வந்தவன் ஒசத்தி வச்சிருப்பான்.

இப்ப டியூப் லெவலை எடுங்க. ஒரு முனையை வாசல்படி மட்டத்துக்கு நேரா ஒருத்தர் பிடிக்கணும், கல்லுல படாம. இன்னொரு முனையை நடைபாதைல நிக்கிறவர் மூங்கிலோட சேத்துப் பிடிச்சு, தண்ணி நிக்கிற எடத்துல சாக்பீஸால கோடு போடணும். பாதை ரொம்ப உயரமா இருந்தா மூங்கிலைக் கீழ எறக்கித்தான் பிடிக்கணும். அந்தக் கோட்டுலேர்ந்து அஞ்சடி மேல இன்னொரு கோடு. அதுதான் அந்த வீட்டுக்காரனோட கண்ணு இருந்த எடம்.

உங்க க்ரூப்போட கண்ணு அந்தக் கோட்டுக்கு ரெண்டு மூணடி மேல இருந்தா ஒண்ணும் கஷ்டம் இல்ல, எல்லாரையும் பாதையில சம்மணம் போட்டு உக்காரச் சொல்லுங்க. கண்ணு ரெண்டரை அடி கீழ எறங்கிடும். பைசா செலவில்லாத வேலை இது. நின்னப்ப பிளான் மாதிரி கோடு கோடா தெரிஞ்சதெல்லாம் உக்காந்த உடனே சுவரா எந்திரிச்சு நிக்கும், பின்னாடி இருக்கிற ரூமை முன்னாடி சுவர் மறைக்கும். "ஐயோ, இப்ப உள்ள தெரியலையே"ன்னு ஒருத்தர் கட்டாயம் சொல்லுவாரு. அப்படி சொன்னா சரியா வந்துட்டீங்கன்னு அர்த்தம், தெருவுல நின்னா வீட்டுக்குள்ள தெரியக்கூடாதுதானே!

அதுக்கு மேல போனா இந்த வித்தை பலிக்காது. அந்த எடத்தை ரூட்லேர்ந்தே எடுத்துடுங்க. எல்லாத்தையும் காட்டியே ஆகணும்னு கட்டாயம் இல்ல.

4. வாசலைக் கண்டுபிடிச்சு, அது வழியா வாங்க

டிக்கெட் கவுன்டர் எங்க இருக்குதோ அதுதான் வாசல்னு நாம பழகிட்டோம். கவுன்டரை வைக்கிறது ரோடும் பார்க்கிங்கும் இருக்கிற பக்கம். பழைய ஊர்க்காரன் வந்தது வேற பக்கம். எரிமலைச் சாம்பல்ல பொதைஞ்ச ரோமானிய ஊர் பாம்பெய்ல அந்த விஷயத்துல குடுத்து வச்சவங்க, இன்னைக்கும் கடல்வாசல்ங்கிற பழைய வாசல் வழியாவே ஏறி உள்ள போகலாம். எல்லா சைட்டுக்கும் அந்த யோகம் கிடையாது.

தோலாவிரால நான் போற வரிசை இது. முதல்ல நடு ஊர். தெரு ஒடுக்கம், ரெண்டு பக்கமும் சுவர். அங்கேர்ந்து மேலூர் பக்கம் திரும்பினா ஒரு பெரிய வெட்டவெளி, சுமார் 283 மீட்டர் நீளம், 47 மீட்டர் அகலம். தோண்டினவங்க ஸ்டேடியம்னு சொல்ற எடம், திருவிழா கூடுன எடமா, சந்தையா, ரெண்டுமான்னு அவங்கவங்க ஒண்ணு சொல்றாங்க. அதுக்கு அந்தப்பக்கம் மேலூர் மதில், அதுல வடக்கு வாசல். ஒடுக்கத்துலேர்ந்து வெளிக்கு வந்து, வெளியைக் குறுக்க கடந்து, அண்ணாந்து பாத்து, அப்புறம் ஏறணும். இந்த வரிசையைத் தலைகீழாக்கி மேலூர்லேர்ந்து ஆரம்பிச்சீங்கன்னா, மேலேர்ந்து மைதானம் ஒரு காலி மண்தரை, அவ்வளவுதான் தெரியும்.

மைதானத்தைக் கடக்குறப்ப யாரும் பேசக்கூடாதுன்னு முன்னாடியே சொல்லிடுங்க. ஒரு நிமிஷம்கூட ஆகாது. ஆனா அந்த ஒரு நிமிஷத்துல மதில் கிட்ட வரவர ஒசரமாகும் பாருங்க, அதை எந்த வீடியோவாலயும் குடுக்க முடியாது.

வடக்கு வாசல் பக்க அறையிலதான் சிந்துவெளி எழுத்து பத்து இருந்த ஒரு பலகை கிடைச்சுது. மரப்பலகைல வெள்ளை ஜிப்சம் துண்டுகளைப் பதிச்சு செஞ்சது, மரம் மக்கிப்போச்சு, எழுத்து மட்டும் மண்ணுல படுத்துக் கிடந்துது. ஒவ்வொரு எழுத்தும் சுமார் 37 சென்டிமீட்டர் உயரம், வாசலுக்கு மேல மாட்டியிருக்கலாம்னு சொல்றாங்க. இங்க ஒரு சின்ன வேலை பண்ணுவேன். பத்து எழுத்தையும் நிஜ சைஸ்ல ஏ3 பேப்பர்ல பிரிண்ட் எடுத்துட்டுப் போவேன், 42 சென்டிமீட்டர் உயர பேப்பர்ல கச்சிதமா அடங்கிடும். பத்து பேரை வாசல் பக்கம் அனுமதி இருக்கிற எடத்துல நிக்கவச்சு, தலைக்கு மேல தூக்கிப் பிடிக்கச் சொல்லிட்டு, மிச்சப்பேரை மைதானத்துல பின்னாடியே நடக்கச் சொல்லுவேன், எந்த எடத்துல எழுத்து மங்குதுன்னு பாக்க. மைதானத்தோட அந்த ஓரம் வரைக்கும் போனாலும் ஒவ்வொரு உருவமும் தனித்தனியா தெரியும். படிக்கத்தான் இன்னைக்கு வரைக்கும் யாராலயும் முடியல. அண்ணாந்து பாத்துட்டு ஒண்ணும் புரியாம உள்ள போன ஆளுங்க அன்னைக்கும் இருந்திருப்பாங்கன்னு எனக்கு ஒரு நினைப்பு.

இங்க நடக்கிற பெரிய தப்பு மியூசியத்தை முதல்ல காட்டுறது. ஆரம்பத்துல நானும் அப்படித்தான் பண்ணினேன், வெயிலுக்கு முன்னாடி ஏசில கொஞ்ச நேரம்னு. என்ன ஆச்சுன்னா, எல்லாத்தையும் படத்துல பாத்துட்டு வந்து சைட்ல டிக் அடிச்சிட்டே போனாங்க. மியூசியம் கடைசியா இருக்கட்டும், அந்த மண்ணை மிதிச்சுட்டு வந்து பாக்குற மணிக்கும் முத்திரைக்கும் மதிப்பே வேற.

5. இல்லாத சுவரையும் கூரையையும் எப்படிக் காட்டுறது

கை அரிக்கும், திரும்பக் கட்டிடலாமான்னு. கட்டாதீங்க. கிரேக்கத் தீவு கிரீட்ல, மினோவன்ங்கிற பழங்கால நாகரிகத்தோட நோசோஸ் அரண்மனையை 1900-லேர்ந்து தோண்டின ஆர்தர் எவன்ஸ் தன் கற்பனைப்படி கான்கிரீட்ல மாடியும் செவப்புத் தூணும் எழுப்பிட்டாரு. இன்னைக்கு அங்க போறவங்களுக்கு மினோவன் எது, எவன்ஸ் எதுன்னு பிரிக்கத் தெரியாது, அவர் புரிஞ்சுக்கிட்டது தப்புன்னு தெரிஞ்ச எடத்துலயும் இடிக்க முடியல, போதாக்குறைக்கு அந்த கான்கிரீட்டையே இப்ப பழம்பொருளா பராமரிக்க வேண்டியிருக்கு. பழைய சின்னங்களைப் பாதுகாக்குறதுக்கு உலக நிபுணருங்க எழுதின 1964 வெனிஸ் சாசனம் இதுல கறார்: விழுந்து கிடக்கிற அசல் துண்டை அதோட எடத்துல திருப்பி வைக்கலாம், சேத்தது தனியா தெரியணும், மத்தபடி புதுசா எழுப்புற வேலையே கூடாது.

நல்ல உதாரணமும் இருக்கு. இத்தாலி சிப்போந்தோல அஸ்திவாரம் மட்டும் மிஞ்சின பழைய சர்ச் மேல 2016-ல எதோர்தோ த்ரெசோல்தின்னு ஒரு கலைஞர் வெறும் கம்பிவலைல முழு உருவத்தையும் எழுப்பினாரு. வானம் ஊடால தெரியும், உசரமும் தெரியும், இது புதுசுன்னு கொழந்தைக்கும் தெரியும்.

நம்ம கைக்காசுக்கு மூங்கில் போதும். கூட வந்தவங்கள்ல நாலு பேரை ரூம் மூலைக்கு நேரா, சுவருக்கு வெளிய, அனுமதிச்ச தரையில நிக்கவச்சு ஆளுக்கொரு மூங்கில் குடுங்க. மூங்கில் உச்சியை கயிறால இணைங்க. அந்த சதுரத்துக்குள்ள எவ்வளவு கொஞ்ச எடம்னு அப்பதான் உறைக்கும், பிளான்ல பெருசா தெரிஞ்ச ரூம்ல ரெண்டு கட்டில்தான் போடலாம். கயிறு மேல வேட்டியை விரிச்சா நிழல் விழும், உள்ள இருட்டும். கூரை இல்லாத சைட்ல எல்லாரும் மறந்துபோற விஷயம் அந்த இருட்டுதான், அந்த வெயில் ஊர்ல வீட்டுக்குள்ள போறதே இருட்டைத் தேடித்தான்.

எவ்வளவு உசரம்னு கேப்பாங்க. சாட்சி இருந்தா சொல்லுங்க, இல்லன்னா "கயிறு இருக்கிற உசரம் நம்ம ஊகம்"னு அங்கயே சொல்லிடுங்க. அதைச் சொல்றதால யாரும் ரசிக்கிறதை நிறுத்துறதில்ல.

நிரந்தரமா கூரை போடுற நிலைமை வந்தா ஒண்ணு மட்டும். இத்தாலி சிசிலில காஸாலேங்கிற ரோமானிய மாளிகையோட மொசைக் தரைக்கு 1950-கள் கடைசில ஃபிராங்கோ மினிஸ்ஸிங்கிற ஆர்க்கிடெக்ட் ரூம் உருவத்துலயே கண்ணாடி மாதிரி ஒளி ஊடுருவுற கூரை போட்டாரு. ஐடியா அருமை, ஆனா உள்ள வெக்கை சேந்து ஆளுங்களும் வெந்தாங்க, மொசைக்குக்கும் ஆகல. பின்னாடி மாத்திட்டாங்க. அழகை முடிவு பண்றதுக்கு முன்னாடி ஒரு மே மாசம் முழுக்க தெர்மாமீட்டரை வச்சுப் பாருங்க.

6. தண்ணியைத் தூக்க வைங்க

தோலாவிரா ஊரே தண்ணிக்காகக் கட்டினது. மான்சர், மன்ஹர்னு மழைக்கு மட்டும் ஓடுற ரெண்டு ஓடை, அதைத் தடுத்து நீர்த்தேக்கம் நீர்த்தேக்கமா சேத்திருக்காங்க. கிழக்குத் தேக்கம் மட்டும் சுமார் 73 மீட்டர் நீளம், 29 மீட்டர் அகலம், ஆழம் 10 மீட்டருக்குக் கிட்ட. இன்னைக்குப் பாக்குறவங்களுக்கு அது காஞ்ச பெரிய குழி.

"இவ்வளவு பெருசு"ன்னு நம்பர் சொன்னா தலையாட்டிட்டுப் போயிடுவாங்க. படியைக் காட்டுங்க. மழை முடிஞ்ச கையோட வந்தவன் மேல்படில குடத்தை முக்கியிருப்பான், கோடை முத்துறப்ப அதே ஆளு அடிப்படி வரைக்கும் எறங்கி, நிறைகுடத்தோட அத்தனை படியும் ஏறியிருக்கணும். அவனுக்கு அந்தப் படிதான் காலண்டர். பத்து லிட்டர் குடத்தை க்ரூப்ல ஒருத்தர் மாத்தி ஒருத்தர் தேக்கத்துக் கரையிலேர்ந்து அடுத்த ஸ்டாப் வரைக்கும் தூக்கிட்டு வரணும், இது என் ரூல். மொனகுவாங்க. பரவால்ல.

மேலூர்ல இருக்கிற மழைநீர் வடிகாலைப் பாத்ததும் "சுரங்கப்பாதை"ன்னு ஒருத்தர் கத்துவாரு, ஆளு நடக்கிற அளவு பெருசு. எதிரி வந்தா தப்பிக்க இல்லைங்க, மழைத்தண்ணி ஒரு சொட்டு வீணாகாம சேக்கன்னு சொன்னா முகம் கொஞ்சம் வாடும். அதுக்கு அடுத்து கிணத்துக்குக் கூட்டிட்டுப் போங்க. விளிம்புக் கல்லுல கயிறு உரசி உரசி விழுந்த தடம் இருக்கு. அங்க நான் எதுவும் பேசுறதில்ல. போன தடவை காரைக்குடி பக்கத்துலேர்ந்து வந்த ஒரு பாட்டி, கல்லைத் தொடக்கூடாதுன்னு சொல்லியிருந்ததால விரலை அந்தத் தடத்துக்கு ஒரு இஞ்ச் மேல வச்சு நீளமா இழுத்துப் பாத்துட்டு, "கயித்தை ஒரே பக்கமா இழுத்திருக்காளுவ, உருளை கெடையாது போல"ன்னாங்க. அதுக்கு மேல நான் சொல்ல என்ன இருக்கு.

7. போர்டும் பேச்சும்

கொறைங்க. ஒரு ஸ்டாப்புக்கு ரெண்டு நிமிஷம் போதும். போர்டு வைக்கிறதா இருந்தா பாக்க வேண்டிய காட்சிக்கு முன்னாடி வைக்காதீங்க, ஆளுங்க போர்டைப் படிச்சுட்டு போர்டை போட்டோ எடுத்துட்டு நகந்துடுவாங்க. அவங்க நிக்கிற எடத்துக்குப் பின்னாடி, இடுப்பு உசரத்துல வைங்க. பழைய ஆளு மாதிரி டிரெஸ் போட்டு நடிக்கிறதெல்லாம் எனக்குப் பிடிக்காது, தைச்ச சட்டையா சுத்தின துணியாங்கிற சண்டைலயே நேரம் போயிடும்.

8. நேரம்

நவம்பர்லேர்ந்து பிப்ரவரி. கடகரேகைக்குப் பக்கத்து ஊர், வெயில் காலத்து மத்தியானம் சூரியன் நடு உச்சில நிக்குறதால சுவருக்கு நிழலே இருக்காது, எல்லாம் தட்டையா வெளுத்துப் போயிடும். காலை ஏழரை மணி வெளிச்சம் சாய்வா விழுறப்ப அரையடி சுவர்கூட எடுப்பா தெரியும். ரூட்டை ரெண்டரை மணி நேரத்துக்கு மேல இழுக்காதீங்க, அதுக்கு மேல போனா எல்லாரும் நிழலைத்தான் பாப்பாங்க.

9. சரியா வந்துச்சான்னு சோதிக்கிறது

"நல்லா இருந்துச்சா?"ன்னு கேக்காதீங்க, எல்லாரும் "சூப்பர் சார்"னுதான் சொல்லுவாங்க. வேன்ல ஏறுறதுக்கு முன்னாடி ஆளுக்கொரு வெள்ளைத்தாளும் பென்சிலும் குடுத்து, ஊரை ஞாபகத்துலேர்ந்து வரையச் சொல்லுங்க. பத்து நிமிஷம்.

மேலேர்ந்து பாக்குற மாதிரி கட்டம் கட்டமா வரைஞ்சிருந்தா நீங்க பிளானைத்தான் காட்டியிருக்கீங்க, மூணாவது ஸ்டெப்புக்குத் திரும்பப் போங்க. நின்ன எடத்துலேர்ந்து தெரிஞ்ச மாதிரி சுவர், வாசல், படின்னு வரைஞ்சிருந்தா ரூட் வேலை செய்யுது. எந்த எடத்தை யாருமே வரையலையோ அந்த ஸ்டாப்பை அடுத்த தடவை தூக்கிடுங்க, என் ரூட்ல மூணு ஸ்டாப் அப்படித்தான் போச்சு.

போன வருஷம் எட்டாவது படிக்கிற ஒரு பையன் தாள் முழுக்க வடக்கு வாசலை மட்டும் வரைஞ்சான், மீதி ஊருக்கு எடமே இல்ல, கீழ் ஓரத்துல குடத்தோட ஒரு குச்சி மனுஷன். "நீ எங்கப்பா?"ன்னு கேட்டேன். அந்தக் குச்சி மனுஷனைக் காட்டி, "கை வலிக்குதுண்ணா"ன்னான்.